பாதி வங்கிக்கு, பாதி பயணத்துக்கு

யக்கா,

இரும்புப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை குப்பென்று முகத்தில் ஏறியது. குளிர் வந்துவிட்டது. கல்கத்தாவில், நம் டாக்குரியாவில் எல்லா மொட்டை மாடிகளிலும் பஞ்சு அடைத்த ரஜாய்களும் கம்பளிகளும் வெயிலில் கிடக்கின்றன. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் நம் வீட்டுக் கம்பளிகளை அள்ளிக்கொண்டு மாடி ஏறினேன். வழியில் நின்று நின்று மூச்சு வாங்கித்தான் ஏற முடிந்தது. பெட்டியின் அடியில் கிடந்த உன் அரக்கு நிற ஸ்வெட்டரை உதறிக் கொடியில் போட்டபோது, அதன் கழுத்துப் பட்டியில் உன் தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நுனியில் மருதாணிச் சிவப்பு, மீதி வெள்ளை. நான் அதை எடுக்கவில்லை. கொடிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழ்வீட்டு மிதாலி பௌதி, நம் வங்காள அண்ணி, தன் ரஜாயோடு மேலே வந்தவள், என்னைப் பார்த்து, "கீ ஹோலோ? ஷரீர் காராப்?" என்று உடம்பை விசாரித்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, களைப்புதான் என்றேன். நீ போன பிறகு யார் என்ன கேட்டாலும் என்னிடம் இருக்கிற பதில் அது ஒன்றுதான்.

டார்ஜிலிங் போவதற்காக அந்த ஸ்வெட்டர் வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். வெலிங்டன் சதுக்கத்தில் குளிர்காலத்துக்கு மட்டும் முளைக்கிற பூட்டியா மலைக்காரர்களின் கம்பளிக் கடைகளில், ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, விலை கேட்டு, மடித்துத் திருப்பி வைத்துக்கொண்டே போனாய். "ஒரே ஒரு தடவை போறதுக்கு எதுக்குட்டி ஸ்வெட்டர்? ரெண்டு சேலைய மேல மேல கெட்டிக்கிடுதேன்" என்றாய். கடைக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் புரிந்து, கேட்ட விலையில் பாதிக்குக் கொடுத்துவிட்டாள். அப்படியும் ட்ராமில் வரும்போது, "இந்தக் காசுல நம்ம குளியலறைக்கு நாலு ஓடு வாங்கியிருக்கலாம்" என்றாய்.

நீ எதையும் ரூபாயில் பார்த்ததில்லை. ஓட்டிலும் செங்கல்லிலும் ஜன்னல் கம்பியிலும்தான் பார்த்தாய். நல்ல உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாடு என்றால் சமையலறைக் குழாய். பூரிக்கு ரயிலில் போய்வருவது என்றால் வாசல் கதவு. "வாசல் கதவை வித்துட்டு கடல் பாக்கப் போகணுமாக்கும்" என்பாய். எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். பெரும்பாலும் கோபம்தான்.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா மத்திய அரசு உத்தியோகத்தில் மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தபோது நாம் சின்னப் பிள்ளைகள். அலுவலகக் குடியிருப்பில் வளர்ந்தோம். அப்பா ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாடகை வீடுகளாக மாறினோம். ஒவ்வொரு வீட்டிலும் முதல் சட்டம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நாள்காட்டியைக் கூட அம்மா மேஜை மேல் சாய்த்துத்தான் வைப்பாள். அப்பா போன பிறகு, ஜாதவ்பூர் வீட்டில் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். நாம் எவ்வளவோ கேட்டும் அவர் இறங்கவில்லை. அம்மாவை மெத்தையோடு தூக்கி, சாமான் வண்டியில் அலமாரிக்கும் பீரோவுக்கும் நடுவே கிடத்திக் கொண்டுபோனோம். தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புது வாடகை வீட்டில் அதிக நாள் அவள் இருக்கவில்லை.

நம் இரண்டு பேருக்கும் வந்த கல்யாணப் பேச்சுகள் ஊருக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே கடிதங்களாக அலைந்து ஓய்ந்துவிட்டன. உனக்குக் கிடர்பூரில் துறைமுக அலுவலக வேலை. எனக்கு ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை. இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டி, இரண்டு பேர் பெயரிலும் இருபது வருடக் கடன் எடுத்து டாக்குரியாவில் இந்த வீட்டை வாங்கினோம். குடிவந்த அன்று பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே நீ சுத்தியலை எடுத்தாய். எந்தச் சுவரையும் விடவில்லை. மாட்டுவதற்கு ஒன்றும் இல்லாமலே எல்லாச் சுவரிலும் ஆணி அடித்தாய். பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "எங்க வீடு" என்று வங்காளத்தில் அவரிடம் சொன்னாய். அவர் கேட்காத கேள்விக்கு அது பதில்.

முதல் வருடம் முடிந்து வங்கியிலிருந்து கணக்கு வந்தபோதுதான் சண்டை தொடங்கியது. கட்டியதில் பெரும்பகுதி வட்டிக்கே போயிருந்தது. அசல் அசையவே இல்லை. நீ அன்று சாப்பிடவில்லை. மறுநாள் வங்கிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தாய். தவணைக்கு மேல் எவ்வளவு கட்டினாலும் அது நேரே அசலில் கழியும், வருடங்கள் குறையும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து போனஸ், அரியர்ஸ், துர்கா பூஜைக்கு என் பள்ளி தரும் பரிசுப்பணம், பழைய பேப்பர் போட்ட காசு முதற்கொண்டு எல்லாம் அங்கேதான் போயிற்று.

"வீடு முழுசா நம்மளுதுன்னு ஆயிட்டா, அப்புறம் எங்க வேணாலும் போலாம்ட்டி" என்பாய்.

"அப்ப போறதுக்குக் காலு இருக்கணும்லா" என்பேன்.

பள்ளியில் ஆசிரியர் அறை முழுக்க விடுமுறைப் பேச்சு. வங்காளிகளுக்குப் பூஜை முடிந்தால் பெட்டி கட்டாமல் முடியாது. கடன் வாங்கியாவது மலைக்கோ கடலுக்கோ போய்விட்டு வந்து, ஒரு மாதம் அதையே பேசுவார்கள். நான் அவர்கள் கொண்டுவந்த புகைப்படங்களைப் பார்த்துவிட்டுத் தேர்வுத்தாள் திருத்துவேன். ஒருநாள் தாங்காமல் வீட்டில் வெடித்தேன். சம்பாதிக்கிற எனக்கு ஒரு ரயில் டிக்கெட்டுக்கு உரிமை இல்லையா, இது வீடா ஜெயிலா என்று கத்தினேன். நீ பாட்டுக்கு அரிசி களைந்தாய். உலை கொதித்த பிறகு திரும்பிப் பார்த்து, "சரி. மேல வர்ற காசுல பாதி வங்கிக்கு. பாதி உன் ஊர்சுத்தலுக்கு. பெறகு என்ட்ட கத்தக் கூடாது" என்றாய்.

அப்படித்தான் டார்ஜிலிங் போனோம். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, காதை மூடிக் குரங்குக் குல்லாயும் மாட்டிக்கொண்டு, சந்தைச் சதுக்கத்து பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் இரண்டு நாள் பனிமூட்டம். ஒன்றும் தெரியவில்லை. "வெள்ளைச் சுவத்தப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம், அது நம்ம வீட்டுலயே இருக்கே" என்றாய். மூன்றாம் நாள் காலையில் தேநீர்க் கடை வாசலில் நின்றபோது மூட்டம் விலகி மலை முழுதும் தெரிந்தது. கையிலிருந்த தேநீரை நீ மறந்துவிட்டாய். அது ஆறி, மேலே ஆடை படிந்துவிட்டது. நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது நீ அதை ஓடாகவோ செங்கலாகவோ ஆக்கிச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அதற்கடுத்த வருடம் நீ வரவில்லை. "நீ போய்ட்டு வா. என் பங்கையும் நான் வங்கியில போட்டுடுதேன்" என்றாய். நான் பள்ளித் தோழிகளோடு பூரி போனேன். பிறகு சிக்கிம், வாரணாசி. எங்கே போனாலும் தினமும் உனக்குத் தொலைபேசியில் பேசுவேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், ரசம் என்பாய், இல்லாவிட்டால் நேற்று வைத்த குழம்பு என்பாய். அதைக் கேட்டபின் என் தட்டில் இருக்கிற மீன் வறுவல் இறங்காது. உனக்கும் வீட்டில் தனியாக இருக்கிற அந்த ஒரு வாரம் பிடிக்கவில்லை என்று மிதாலி பௌதி பிறகு சொன்னாள். நீ கீழே போய் அவள் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொள்வாயாம். இப்படியே பல வருடங்கள் ஓடின. சமநிலை என்று நாம் ஏற்படுத்திக்கொண்டது அதுதான். நான் போகிற இடத்தில் உனக்காக வருந்துவது, நீ வீட்டில் இருந்தபடி எனக்காகச் சேமிப்பது. இரண்டு பேருக்குமே முழுச் சந்தோஷம் இல்லை.

பிறகு ஊரடங்கு வந்தது. என் பள்ளியில் முதலில் பாதிச் சம்பளம், பிறகு அதுவும் தள்ளித் தள்ளி. பெற்றோர்கள் கட்டணம் கட்டவில்லை, என்ன செய்வது என்று கைவிரித்தார்கள். கைப்பேசியை டப்பா மேல் சாய்த்து வைத்து, முகம் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தவணையில் என் பங்கை எப்படிப் போடுவது என்ற யோசனையில் தூக்கம் போயிற்று. உன்னிடம் சொல்லவும் வாய் வரவில்லை. இத்தனை வருடம் ஊர் சுற்றியதற்கு இப்போது நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன்.

நீ முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனாய். முன்கூட்டியே நிறைய அடைத்திருந்ததால் மீதி அசல் குறைவாக இருந்தது. அதை முதலில் போட்ட இருபது வருடக் கெடுவுக்கே மறுபடி பரப்பி, மாதத் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். தவணை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உன் சம்பளத்திலேயே அடங்கும் அளவு. வீட்டுக்குள் வந்து கைகழுவிவிட்டு, "இனி உன் பங்கு வேண்டாம். சம்பளம் முழுசா வந்தப் பெறகு பாத்துக்கிடலாம்" என்றாய்.

நான் அழுதேன். "அன்னைக்கே சொன்னேன்லான்னு சொல்லிடேன்க்கா" என்றேன்.

"எதுக்குச் சொல்லணும்? இதுக்குத்தான கெட்டுனது. போயி முகத்தக் கழுவு" என்றாய்.

அந்த வார்த்தைக்குப் பிறகு உன்னோடு இந்த விஷயத்தில் சண்டை போட எனக்கு மனமில்லாமல் போயிற்று. நீ ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கிராஜுவிட்டி வந்ததும் மீதிக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடுவாய், பத்திரம் கைக்கு வரும், அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பாய் என்று நானாகவே தீர்மானித்து வைத்திருந்தேன். பணமும் வந்தது. முழுதும் அடைக்கப் போதுமானதாகவும், கொஞ்சம் மிஞ்சுவதாகவும் இருந்தது.

அன்று மாலை நீ கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன்.

"ஏட்டி, மீதிக் கடன்ல பாதிதான் கெட்டப்போறேன்" என்றாய்.

எனக்குப் புரியவில்லை. "ஏன், மொத்தமா முடிச்சிரலாம்லா?"

"முடிச்சுட்டு என்ன செய்ய? இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காரவா? ஊரடங்குல ரெண்டு வருசம் பாத்தாச்சு. எனக்கு அலுத்துப்போச்சு." தேநீரை எடுத்து ஊதினாய். "வீடு எங்கயும் ஓடிப் போவாது. மீதிப் பாதி மெதுவா நடக்கட்டும். வருசத்துக்கு ஒரு எடம். கெளம்பு."

"எங்கக்கா?"

"அந்தமான். கப்பல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தக் கப்பல் எந்தத் துறையில் நிற்கும், என்றைக்குக் கிளம்பும் என்ற தாள்களெல்லாம் உன் மேஜை வழியாகத்தான் போயின. கிடர்பூரில் நிற்கிற கப்பல்களை நீ தினம் பார்த்தாய். ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. வைக்க வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதும் இல்லை.

உள்ளதிலேயே நல்ல அறையாகப் பார்த்து டிக்கெட் எடுத்தாய். நான் சாதாரணப் படுக்கை போதும் என்றேன். "உனக்கு என்ன தெரியும், கீழ்த்தளத்துல புழுக்கமா இருக்கும்" என்று அதட்டினாய். கிளம்பும் அன்று மிதாலி பௌதி வாசலில் நின்று, பயணம் போகிறவர்களிடம் இங்கே சொல்கிறபடி, "துர்கா, துர்கா" என்று கும்பிட்டாள். டாக்ஸிக்காரனுக்குக் கிடர்பூரில் வழி சொன்னது நீதான். லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே அவன் திணற, நீ முன் இருக்கையிலிருந்து இடது, வலது என்று உத்தரவு போட்டுக்கொண்டே வந்தாய்.

கப்பல் உடனே கிளம்பவில்லை. ஆற்றில் நீர்மட்டம் ஏறுவதற்குக் காத்திருந்தது. அதுவும் உனக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் முணுமுணுத்தபோது, "வெள்ளம் ஏறணும், பெறகுதான் கதவத் தெறப்பான்" என்று பக்கத்தில் நின்ற கைக்குழந்தைக்காரிக்கு வங்காளத்தில் விளக்கினாய். மதகுக் கதவு திறந்து கப்பல் நகர்ந்தபோது கரையில் உன் அலுவலகத்துப் பெண்கள் சிலர் வந்து நின்றார்கள். "தீதி! தீதி!" என்று துப்பட்டாவை வீசினார்கள். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கையை ஆட்டத் தோன்றாமல், அவர்கள் சின்னதாகிப் போகிறவரைக்கும் அப்படியே நின்றாய். "இத்தன நாளு நான் அங்கன நின்னு பாத்துருக்கேன்ட்டி. இங்கன இருந்து பாத்தா வேற மாதிரி இருக்கு" என்றாய்.

ஆறு முடிந்து கடல் வந்ததும் உனக்கு வாந்தி தொடங்கியது. நல்ல அறை, ஜன்னல், வெள்ளை விரிப்பு எதுவும் உதவவில்லை. எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றல், படுத்தால் குமட்டல். கப்பல் மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அது வயிற்றில் தங்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சாப்பாட்டுக் கூடத்தில் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, உனக்குத் தயிர்சோறும் எலுமிச்சையும் வாங்கிக்கொண்டு வருவேன். "எம்புட்டுக் காசுட்டி இது, படுத்துக்கெடந்து வாந்தி எடுக்கதுக்கு" என்று முனகினாய். நான் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். சிரித்ததில் மறுபடி வாந்தி வந்தது.

கரை சேர்வதற்கு முந்தின நாள் காலையில் நீ கொஞ்சம் தெளிந்தாய். கைத்தாங்கலாக உன்னை மேல்தளத்துக்குக் கூட்டிப் போனேன். எந்தப் பக்கமும் கரை இல்லை. தண்ணீர் நீலமாகக்கூட இல்லை, கறுத்துக் கிடந்தது. சின்னச் சின்ன மீன்கள் தண்ணீரிலிருந்து கிளம்பிக் காற்றில் பறந்து மறுபடி விழுந்தன. நீ முகமெல்லாம் வாடி, உதடு வெடித்து, முடி பறக்க நின்றாய்.

"சந்தோசமா இருக்காக்கா?" என்றேன்.

"வயிறு எரியுது" என்றாய். ஒரு மீன் பறந்து விழுவதைப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றாய்.

தீவுகளில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தோம். முழங்கால் வரை புடவையைத் தூக்கிக்கொண்டு நீ கடலில் நின்றாய். தேங்காய் எண்ணெயில் பொரித்த மீனைப் பிடிக்காதது போல முகம் சுளித்துக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டாய். ஒரு தங்கும் விடுதியில் இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் இருந்தோம், ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒரு மரம் உனக்குப் பிடித்துப்போனதால். திரும்பும்போது கப்பல் வேண்டாம் என்று கெஞ்சி விமானத்தில் வந்தாய். வீட்டுக்கு வந்ததும் அடுத்தது காஷ்மீர் என்றாய். டிக்கெட் விசாரிக்கச் சொன்னாய். அந்தப் பணத்தைத் தனியாகவே வைத்திருந்தாய்.

அந்தப் பணத்துக்குக் காஷ்மீர் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாய். மிதாலி பௌதியின் மகன் காரை எடுத்தான். தண்ணீர் தேங்கிய தெருக்களில் சுற்றிச் சுற்றி மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். பேச்சு போய்விட்டது. வலது பக்கம் அசையவில்லை. கொஞ்ச நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில், பிறகு வெளியே, மறுபடி உள்ளே. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து தமிழில் பேசிக்கொண்டே இருந்தேன். அங்கே உன்னிடம் தமிழ் பேச வேறு யாரும் இல்லை. நீ கண்ணை மட்டும் அசைப்பாய். காப்பீட்டுத் தொகை முதலில் தீர்ந்தது. அப்புறம் நீ பயணத்துக்கென்று வைத்திருந்தது. வங்கிக்கும் போகாமல், ரயிலுக்கும் போகாமல் அந்தப் பணம் மருந்தாகப் போயிற்று. கடைசியில் ஒரு மாலை நீயும் போய்விட்டாய்.

சென்னையிலிருந்து சித்தப்பா மகன் காரியத்துக்கு வந்திருந்தான். நல்லவன். எல்லாம் முடிந்து கிளம்பும்போது கணக்கைக் கேட்டான். வீட்டுக்கடன் இன்னும் பாக்கி இருக்கிறது, இனி என் ஒருத்தி சம்பளத்தில்தான் போக வேண்டும் என்று சொன்னேன். அவனுக்கு மனது பொறுக்கவில்லை.

"பெரியக்கா ஏன் இப்படிப் பண்ணுனாங்க? ரிட்டயர் ஆனப்பவே லோனை முடிச்சிருந்தா இன்னைக்கு நீங்க கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கலாம்ல? அந்தக் கப்பல் டூரெல்லாம் தேவையா?" என்றான்.

எனக்கு ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு அவன் கேட்டதில் தப்பு இல்லை என்று தோன்றியது. கணக்குப்படி அவன் சொல்வது சரி. நீ முழுதும் அடைத்திருந்தால் மருத்துவச் செலவுக்குக் கொஞ்சம் கடன் ஆகியிருக்கும், ஆனால் மாதத் தவணை இருந்திருக்காது. நான் அறுபதில் பள்ளியை விட்டிருக்கலாம்.

"தேவைதான்ப்பா. நீ அவளைக் கப்பல்ல பாக்கல" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டான். ஆனால் அவனுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது.

இப்போது என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பள்ளியில் பணி நீட்டிப்புக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் குறைத்துத்தான். மாலையில் கூடத்தில் பாய் விரித்து ஆறேழு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அவர்கள் போன பிறகு சமைக்கத் தோன்றுவதில்லை. ரொட்டியை வாங்கிப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுவிடுகிறேன். நீ இருந்தால் திட்டுவாய். பூஜை விடுமுறைக்குத் தோழிகள் கூப்பிட்டார்கள். காசும் கொஞ்சம் இருந்தது. ஆனால் பெட்டி கட்டவும், ரயில் ஏறவும், புது இடத்தில் பாதை விசாரிக்கவும் உடம்பில் தெம்பில்லை. இப்போதைக்கு விடுமுறை என்றால் எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதுதான்.

போன மாதம் வங்கியில் ஒரு சின்னப் பையன், அதிகாரிதான், என் கணக்கைப் பார்த்துவிட்டு, "மாஷிமா, நகை ஏதாவது இருந்தா வித்து மொத்தமா அடைச்சிடுங்களேன். இந்த வயசுல எதுக்கு உங்களுக்குக் கடன்?" என்று, சொந்தச் சித்தியிடம் சொல்வது போல, வங்காளத்தில் அக்கறையாகச் சொன்னான். உன் வளையலும் என் சங்கிலியும் சேர்ந்தால் ஏறக்குறைய அடைந்துவிடும் என்று எனக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். விற்கப் போவதில்லை. இன்னும் சில வருடங்கள்தான். நடக்கிற வரைக்கும் நடக்கட்டும்.

இதை வீம்பு என்று யாராவது சொல்லலாம். நான் யோசித்துப் பார்த்தேன், யக்கா. ஊரடங்கில் என்னைக் காப்பாற்றியது நீ கூடுதலாகக் கட்டிய பணம். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உன் கடைசி வருடத்தில் உன்னை ஒரு மாதம் சந்தோஷமாக வைத்தது நீ கட்டாமல் விட்ட பணம். அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. எது சரி என்று நாம் எத்தனை வருடம் சண்டை போட்டோம். எனக்கு இன்றும் பதில் தெரியாது. யாராவது வந்து கேட்டால், கொஞ்சம் கட்டுங்கள், கொஞ்சம் போய் வாருங்கள், அதைச் சேர்ந்தே செய்யுங்கள் என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் தவணைப் பணம் என் கணக்கிலிருந்து போகிறது. முன்பெல்லாம் அந்தக் குறுஞ்செய்தி வந்தாலே இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். இப்போது அப்படி இல்லை. இந்த வீட்டுக்கு உரியதை நீ எப்போதோ கட்டிவிட்டாய். நான் கட்டிக்கொண்டிருப்பது, முடி பறக்க, வாடிய முகத்தோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ "இருக்கு" என்று சொன்ன அந்த ஒரு காலைக்கு. விலை அதிகமில்லை, யக்கா. எனக்குக் களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.